ஆச்சி வீட்டுக் கைமரமும் ஒரு காய்கறிப் பாத்தியும்

வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பாத்தியின் ஓரப் பலகையில் சும்மா கால் வைத்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெளிப்பக்கம் நான் அடித்திருந்த பச்சை பெயின்ட் அப்படியே இருந்தது. உள்ளே பலகை இல்லை. பலகையின் வடிவத்தில் கரையான் மண்தான் இருந்தது. பாத்தி போட்டு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

ஈரம் பலகையில் படாமல் இருக்கட்டும் என்று உள்பக்கம் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து ஆணி அடித்திருந்தேன். யாருடைய வீட்டுக் காதணி விழாவுக்கோ வாழ்த்துச் சொன்ன பேனர். அதைப் பிய்த்து எடுத்தால், கைகூப்பி நிற்கிற தாய்மாமன்கள் அத்தனை பேருக்கும் பின்னால் கரையான் வரிசையாக மண் வழி கட்டியிருக்கிறது. ஈரத்தைத் தடுக்கப் போட்டது, ஈரத்தைப் பலகைக்கும் பேனருக்கும் நடுவில் பிடித்து வைத்துக்கொண்டு, மேலே கூரையும் போட்டுக் கொடுத்திருக்கிறது. கரையானுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பலகை பேலட் மரம், சரக்கை அடுக்கி அனுப்புகிற மரத்தட்டு. தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கோடு வந்து இறங்கும் பேலட்டுகள் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். கடைக்காரர் பலகையில் இருந்த முத்திரையைக் காட்டி, “ட்ரீட்மென்ட் பண்ணின மரம், கரையான் கிட்ட வராது” என்றார். நானும் நம்பினேன். முத்திரையில் இருந்தது ‘எச்.டி.’ என்ற இரண்டு எழுத்து. மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூட்டை 30 நிமிடம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். ஒரு நாட்டுப் பூச்சி மரத்தோடு இன்னொரு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்வது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழு பூச்சி சாகும், அவ்வளவுதான். நாளைக்கு வரப்போகிற கரையானுக்கு அது வெந்த சோறு. அதே முத்திரையில் ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம். அதைக் காய்கறிப் பாத்திக்குத் தொடாமல் இருப்பதே நல்லது. பேலட் வாங்குகிறவர்கள் இந்த நாலு எழுத்தையாவது பார்த்து வாங்குங்கள்.

“அன்னைக்கே சொன்னேன், ஹாலோ பிளாக் வச்சுக் கட்டுன்னு” என்றாள் அம்மா.

அம்மா சொல்வது லேசில் தள்ளக்கூடியது இல்லை. ஆனால் எங்கள் மண் கரிசல். கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். தோட்டம் போடுகிறவர்கள்தான் மறந்துவிடுகிறோம். மழைக்கு அது உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சித்திரையில் எங்கள் கொல்லையில் விழுகிற வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகும். அப்படி மூச்சு விடுகிற மண்மேல் சிமென்ட் வைத்து ஒட்டிய ஒற்றை வரிசைக் கல் நிற்காது. பேலட்டுக்கு முன்னால் செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்து, கோயில் நந்தவனத்தில் வைப்பார்களே அந்த மாதிரி, வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஐப்பசி மழை. பாட்டியின் பல்வரிசை மாதிரி ஆகிவிட்டது. ஆழமாக அஸ்திவாரம் தோண்டினால் நிற்கும், உண்மைதான். நாலு கத்தரிச் செடிக்கு அஸ்திவாரமா?

மண் ஏறி இறங்கும்போது சேர்ந்து ஏறி இறங்குகிற ஒரு சட்டம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கட்டில் சட்டம் மாதிரி. தரை ஒரு பக்கம் தூக்கினால் கட்டில் சாயும், உடையாது. அதற்கு மரம்தான் சரி. எந்த மரம் என்பதுதான் கேள்வி.

பதில் மாமாவின் போனில் வந்தது. ஊரில் ஆச்சி வீட்டை, தாத்தா கட்டிய அந்த நாட்டு ஓட்டு வீட்டை, பிரிக்கிறார்கள். தேக்கு நிலையும் கதவும் பேசி முடித்தாயிற்று, கூரையைச் சரிவாகத் தாங்குகிற கைமரம் மட்டும் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். அத்தனையும் பனை. ஒரு குட்டி யானை பிடித்து ஒன்பது கைமரத்தைக் கொண்டுவந்து இறக்கினேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அடி நீளம், நாலரை அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனம். அறுபது வருடத்துக்கு மேல் ஓட்டைத் தாங்கியவை. சமையலறைப் பக்கம் இருந்தவற்றின் மேல் புகைக்கரி கறுப்புச் சாயம்போல் ஏறியிருந்தது. அம்மா ஒன்றைத் தடவிப் பார்த்து, “இது அடுப்படி மரம்” என்று சரியாகச் சொன்னாள். அதன் பிறகு ஹாலோ பிளாக் பேச்சு எழவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பனையை வெட்டப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் கொண்டுவந்துவிட்டார்கள். அது இல்லையென்றாலும், பத்துக்கு நாலு பாத்திக்காக ஒரு பனையைச் சாய்ப்பது அடுக்காது. ஓட்டு வீடுகள் பிரிக்கப்படாத ஊர் இன்று எங்கே இருக்கிறது? பழைய மரக்கடையில் கேட்டால் பனங்கை கிடைக்கும். அடுப்புக்குப் போவதைத்தான் நாம் வாங்குகிறோம்.

முதல் வேலை ஆணி பிடுங்குவது. ஓடு அடுக்கும் ரீப்பர் சட்டத்தை அடித்த ஆணிகள் முக்கால் அடிக்கு ஒன்று இருந்தன. பாதி ஆணிகளுக்குத் தலையே இல்லை, துருப்பிடித்து மரத்தோடு மரமாகிக் கிடந்தன. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் குறடு போட்டு எடுத்துவிட்டுக் கைரம்பத்தை வைத்தேன். மூன்றாவது இழுப்பில் ‘க்ரீச்’. ரம்பத்தில் நாலு பல் போயிற்று. அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. ஓடாத ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து அதில் இருந்த காந்தத்தை எடுத்து, ஒரு நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக ஆட்டிக்கொண்டே போனேன். ஆணி இருக்கிற இடத்தில் காந்தம் டக்கென்று இழுத்து ஒட்டும். அங்கே சாக்பீஸில் ஒரு வட்டம். ஒன்பது மரத்தில் மொத்தம் முப்பத்தேழு வட்டம். நான் பிடுங்கி முடித்துவிட்டதாக நினைத்த பிறகு இருந்தவை இவை.

அடுத்தது நுனிகள். கைமரத்தின் ஒரு முனை சுவர் மேல் மண்ணுக்குள் புதைந்திருக்கும், மறுமுனை கூரை விளிம்பில், இறவாணத்தில், மழைக்கு நனையும். இரண்டு முனையும்தான் முதலில் உளுக்கும், நடுமரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் காது சொல்லிவிடும். நல்ல இடத்தில் ‘டங்’, உளுத்த இடத்தில் ‘பொத்’. முனைக்கு அரையடி வீதம் வெட்டிக் கழித்ததில் மரத்துக்குப் பதினோரடி தேறியது. ஒரு மரம் மட்டும் நீளம் முழுக்கப் ‘பொத்’. அது வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.

பனையை அறுப்பது தனிக்கதை. கறுப்பு நார் ஒவ்வொன்றும் கம்பி மாதிரி. கைரம்பத்தில் ஒரு வெட்டுக்குக் கால் மணி நேரம் ஆனது. அதைவிட மோசம் சிராய். மற்ற மரத்துச் சிராய் மாதிரி ஊசியில் நெம்பினால் வராது. உள்ளேயே ஒடிந்து நின்று இரண்டு நாளில் சீழ் பிடிக்கும். என் இடது கட்டை விரலைக் கேட்டுப் பாருங்கள். தடித்த தோல் கையுறை இல்லாமல் பனையைத் தொடாதீர்கள்.

விரல் வீங்கியதும் ஆசாரி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எங்கள் தெருவுக்கு நிலை, கதவு என்றால் அவர்தான். மரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு காரியம் செய்தார். கைமரத்தின் ஒரு முகம் வழவழவென்று கறுப்பு வரியோடு இருக்கும். எதிர் முகம் வெளுத்து, பஞ்சு மாதிரி இருக்கும். அந்த வெளுத்த முகத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் இறங்கியது.

“இது சோறு தாயி. கரையான் இங்கேருந்துதான் சாப்பிட ஆரம்பிக்கும். சோத்த எடுத்துட்டா அதுக்கு இலையில ஒண்ணுமில்ல.”

மரத்தின் உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதிக்குச் சோறு என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியும். அது எவ்வளவு பொருத்தமான பெயர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மரம் செதுக்கும் வாச்சியை எடுத்து, மரத்தின் மேல் நின்றுகொண்டு, கால் விரலுக்கு ஒரு சாண் முன்னால் கொத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தார். தேங்காய்த் துருவல் மாதிரி உதிர்ந்தது. கருநார் தட்டுப்படுகிற இடத்தில் சத்தம் மாறும், அங்கே நிறுத்திவிடுவார். இரண்டு அங்குலக் கனம் ஒன்றே முக்காலாகக் குறைந்தது. ஆறு மரத்தை முடிக்க அவருக்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. நான் ஒன்றை முயன்றேன். முயன்றேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அறுப்பதையும் அவர் கொண்டுவந்த கட்டிங் மெஷினிலேயே முடித்தோம். அளவு கொடுத்தது நான், தப்பும் என்னுடையது. பாத்தி பத்தடிக்கு நாலடி. நாலடிக்கு மேல் அகலம் வைத்தால் இரண்டு பக்கமிருந்தும் நடுவில் கை எட்டாது. கால் வைத்து இறங்கினால் மண் இறுகிவிடும். நாலரை அங்குல மரம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வரிசை, ஆக ஒன்பது அங்குல உயரம். மூலைகளைச் செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைக்கலாம் என்று திட்டம்: கீழ் வரிசையில் நீளமரம் மூலை வரை ஓடும், குட்டைமரம் அதற்குள் அடங்கும்; மேல் வரிசையில் குட்டைமரம் மூலை வரை ஓடும், நீளமரம் அடங்கும். அப்படி வைத்தால் மேல் வரிசை கீழ் வரிசையின் மூலையைப் பூட்டிவிடும். சரி. ஆனால் அடங்குகிற மரத்தில் இரண்டு பக்கக் கனத்தைக் கழிக்க வேண்டாமா? எல்லாவற்றையும் பத்தடி, நாலடி என்று முழுசாக வெட்டச் சொல்லிவிட்டேன். பிறகு நாலு மரத்தில் மூன்றரை அங்குலத்தை மறுபடி நறுக்கினோம். கூட்டி வெட்டியதால் தப்பித்தேன், குறைத்து வெட்டியிருந்தால் கதை வேறு.

கரையானுக்கு என்ன பூசுவது என்று கேட்டால் தெருவில் எல்லோரும் சொல்வது ஒர்க் ஷாப்பில் கழித்துப் போடும் எஞ்சின் ஆயில். வேலிக் காலுக்கு அடித்துக்கொள்ளலாம். அதில் எஞ்சினின் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். கீரை பிடுங்கித் தின்னும் மண்ணோரத்தில் அதைப் பூச எனக்கு மனசில்லை. வீட்டு அஸ்திவாரத்துக்கு அடிக்கும் கரையான் மருந்தும் அப்படித்தான். அண்ணாச்சி சொன்னது முந்திரிக்கொட்டை எண்ணெய். குமரிக் கடற்கரையில் வள்ளங்களுக்குப் பூசுகிறார்களே, அதே எண்ணெய்தான். கறுப்பாக, பாகு மாதிரி இருக்கும். பச்சை முந்திரிக்கொட்டையைக் கடித்து உதடு வெந்த பிள்ளைகளுக்கு அதன் குணம் தெரியும். கையில் முதலில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, அதற்கு மேல் கையுறை போட்டுக்கொண்டுதான் பூசினேன். இருந்தும் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே மணிக்கட்டில் ஒரு சொட்டு பட்டது. மறுநாள் கொப்புளம், தழும்பு மறைய ஒரு மாதம். வெட்டிய முனைகள், அடிவிளிம்பு, சோறு எடுத்த முகம் ஆகியவற்றில் மட்டும் இரண்டு கை பூசி, நிழலில் பத்து நாள் காய வைத்தேன். கறுப்பு வரி முகத்துக்கு எதுவும் பூசவில்லை. அதற்குத் தேவையில்லை என்றார் அண்ணாச்சி.

அந்தப் பத்து நாளில் தரை வேலை. கரிசலைத் தோண்டுவதற்குப் பதம் பார்க்க வேண்டும். காய்ந்து கிடக்கும்போது கடப்பாரை தெறிக்கும், நனைந்திருந்தால் கடப்பாரையோடு அரைக்கிலோ மண் ஏறி வரும். ஒரு சின்ன மழை பெய்து மூன்றாம் நாள் கடப்பாரை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. சட்டம் உட்காரும் வழியில் மட்டும் அரையடி அகலம், நாலு அங்குல ஆழத்துக்குத் தோண்டி, முக்கால் இஞ்ச் ஜல்லியைக் கொட்டி இடித்தேன். இந்த ஜல்லிக்கு இரண்டு வேலை. மரம் நேராகக் கரிசலில் உட்காராது, அடியில் தண்ணீர் நிற்காது. அதைவிட முக்கியம், கரையான் மேலே வர வேண்டுமென்றால் ஜல்லியின் மேல் மண் வழி கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அது என் கண்ணுக்குத் தெரியும்.

மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்தான். கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்த இடத்தில் பத்தடிக்கு இரண்டரை அங்குல வாட்டம் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் தெற்கு மூலைக் கத்தரிக்குத்தான் போயிருக்கும். மூலைக்கு மூலை குறுக்கே இழுத்துப் பார்த்தேன்: ஒன்று 10 அடி 8 அங்குலம், இன்னொன்று 10 அடி பத்தரை. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலை சரி. பத்துக்கு நாலு பாத்திக்கு அது 10 அடி ஒன்பதேகால் அங்குலம் வர வேண்டும். நூலை நகர்த்தி நகர்த்தி அதைக் கொண்டுவருவதற்குள் அம்மா இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டாள்.

இனி சட்டத்தைப் பிடித்து நிறுத்தும் முளை. போன தடவை சவுக்குக் கம்பை முளையாக அடித்திருந்தேன். பலகைக்கு முன்னாலேயே அவை போய்ச் சேர்ந்தன. இந்தத் தடவை மண்ணுக்குள் போவது எதுவும் மரமாக இருக்கக் கூடாது என்று முடிவு. பழைய இரும்புக்கடையில் ஒன்றரை அங்குல எல் ஆங்கிள் பதினாறடி எடுத்தேன். எடை பதினாலரைக் கிலோ சொச்சம். இரண்டடி வீதம் எட்டுத் துண்டு. மூலைக்கு ஒன்று, நீளப்பக்கத்துக்கு நடுவில் இரண்டிரண்டு. ஒன்பது அங்குலம் மேலே, பதினைந்து அங்குலம் மண்ணுக்குள். ரெட் ஆக்சைடு இரண்டு கை. பட்டறையில் துளை போட்டு வாங்கி, மூணு நூல் போல்ட் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மூன்று அங்குல நீளத்தில் இருபத்திநாலு, எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் வாஷர்.

இங்கேயும் ஒரு முட்டாள்தனம். மூலை ஆங்கிளின் இரண்டு இறக்கையிலும் துளையை ஒரே உயரத்தில் போடச் சொல்லியிருந்தேன். போல்ட்டைச் செருகினால் உள்ளே இரண்டு நட்டும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பட்டறைக்குத் திரும்பவும் நடை. ஒரு இறக்கையில் ஒரு அங்குலம் ஏற்றிப் போட்டு வாங்கினேன். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

மரத்தில் துளை போட முதலில் நாலு மில்லி பிட், அப்புறம் பத்து மில்லி. ஒரே மூச்சாக அழுத்தினால் நார் பிட்டைச் சுற்றிக்கொண்டு புகைகிறது. கால் அங்குலம் இறக்கி, வெளியே எடுத்து, நாரைத் தட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். முனையில் ஸ்க்ரூ முடுக்கி இணைக்கலாமே என்று தோன்றும். பனையின் வெட்டுமுனையில் ஸ்க்ரூ பிடிக்காது, நாரை விலக்கிக்கொண்டு சும்மா சுற்றும். போல்ட்தான் வழி. அடங்குகிற மரங்களில் துளை முனைக்கு முக்கால் அங்குலம் பக்கத்தில் விழுகிறது. அங்கே ஒரு போல்ட் இறுக்கமாக இருந்ததால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். ‘படார்’ என்று முனையிலிருந்து ஒன்றரை அடிக்கு மரம் வெடித்தது. நாருக்கு நார் பிடிப்பு அவ்வளவுதான். அந்தக் குட்டைமரத்தை மிச்சமிருந்த கைமரத்தில் புதிதாக அறுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு துளையைப் போல்ட்டைவிட ஒரு மில்லி பெரிதாகப் போட்டு, கையால் தள்ளினாலே நுழைகிற மாதிரி வைத்துக்கொண்டேன். இறுக்குவதும் வாஷர் மரத்தில் அழுந்தத் தொடங்கும் வரைதான்.

கீழ் வரிசை முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகு. கறுப்பு வரி முகத்தை வெளியே வைத்திருந்தேன். துணியில் தேய்த்தால் மினுங்கியது. போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். போனில் பதில் சொல்லாமல் நேரிலேயே வந்துவிட்டார்.

“மாத்திப் போட்டிருக்கியே தாயி. ஈர மண்ணுல மொதுகு படணுமா, வயிறு படணுமா?”

அவர் சொல்லும்வரை எனக்கு உறைக்கவில்லை. மற்ற மரங்களுக்கு வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளே இருக்கும், தோல்பக்கம் மெத்தென்று இருக்கும். பனைக்குத் தலைகீழ். அதனால்தான் தொல்காப்பியம் புறத்தே வைரம் உள்ள பனை, தென்னை வகையைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதைத்தான் மரம் என்றும் பிரித்துச் சொல்கிறது. இன்றைய தாவரவியலிலும் பனை நெல்லுக்கும் புல்லுக்கும் தூரத்துச் சொந்தம்தான். பள்ளியில் மனப்பாடம் செய்தது, பாத்தி கட்டும்போது உதவிக்கு வரவில்லை. நான் பாட்டுக்கு வைர முகத்தை ஊருக்குக் காட்டிவிட்டு, எவ்வளவு செதுக்கினாலும் கொஞ்சம் சோறு மிஞ்சியிருக்கிற முகத்தை வருடம் முழுக்க நனைந்திருக்கும் மண்ணுக்குக் கொடுத்திருந்தேன். எண்ணெய் பூசிய முகம் காய்கறி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது வேறு. எல்லாவற்றையும் கழற்றி முன்பின்னாகத் திருப்பினேன். பாதித் துளைகள் தாமாகப் பொருந்தின. மீதிக்கு மறுபடி துளை, மறுபடி நார், மறுபடி புகை. இப்போது வெளியே தெரிவது எண்ணெய் ஏறிய சொரசொரப்பான கறுப்பு முகம். அழகு உள்ளே, மண்ணுக்குள். வெளிமுகம் நனைந்தாலும் காற்றுப்பட்டு அன்றைக்கே காய்ந்துவிடும். உள்முகம் காயவே போவதில்லை, அதனால் வலுவானதுதான் அங்கே இருக்க வேண்டும்.

மேல் வரிசை ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. எல்லாத் தப்பையும் கீழ் வரிசையிலேயே செய்து முடித்திருந்தேன்.

மண் நிரப்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பாத்திக்குள் முப்பது கன அடிக்குக் கொஞ்சம் குறைய மண் பிடிக்கும். நனைந்தால் ஒரு டன்னுக்கு மேல். அவ்வளவும் பக்கவாட்டில் தள்ளும்போது பத்தடி மரம் நடுவில் வயிறு தள்ளும். பேலட் பாத்தி அப்படித்தான் ஆறு மாதத்தில் கர்ப்பிணி ஆனது. எதிரெதிர் நடு ஆங்கிள்களை ரெண்டு நூல் கம்பியால் குறுக்கே இழுத்துக் கட்டினேன், மேலிருந்து அரையடி ஆழத்தில், இரண்டு இடத்தில். கம்பி இருக்கிற இடத்துக்கு நேராக மரத்தின் மேல் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை, களைக்கொத்து மாட்டிய பிறகுதான் வைத்தேன்.

மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, தோண்டி எடுத்த கரிசல் அரைப் பங்கு, ஒரு மூட்டை தேங்காய் நார்த்தூள். உள்ளே பேனர், பிளாஸ்டிக் ஷீட் எதுவும் விரிக்கவில்லை. நிரப்பிய இரண்டு வாரத்தில் இரண்டு அங்குலம் இறங்கியது. மேலே தொழு உரமே போட்டுச் சமன் செய்தேன். செலவு என்று பார்த்தால் ஆங்கிள், போல்ட், எண்ணெய், குட்டி யானை வாடகை, அண்ணாச்சி கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். மரத்துக்குக் காசு இல்லை. ரம்பத்துக்கு ஆன செலவை நான் சேர்க்கவில்லை, அம்மா சேர்க்கிறாள்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நல்ல மழை. கரிசல் உப்பியது. தெற்கு மூலை அரை அங்குலம் தூக்கிக்கொண்டது, ஜல்லிக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஓடிப்போய் எதையும் செய்யவில்லை. மாசியில் மண் காய்ந்ததும் அதுவாக இறங்கி உட்கார்ந்துவிட்டது. மூலை எதுவும் திறக்கவில்லை. நாலு போல்ட் மட்டும் லூசாகியிருந்தது. மரம் இன்னும் கொஞ்சம் காய்ந்து சுருங்கியிருக்கும். ஸ்பேனரில் அரைச் சுற்று. இதை வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கரையான் வராமல் இல்லை. தை மாதக் கடைசியில் வடக்குப் பக்கம் ஜல்லியிலிருந்து மரத்துக்குப் பென்சில் கனத்தில் ஒரு மண் கோடு ஏறியிருந்தது. விளக்குமாற்றால் தட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடி. மறுபடி தட்டினேன். அந்த இடத்தில் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் மரத்தில் பல் பட்ட தடமே இல்லை. எண்ணெயா, பனையா, தட்டியதா, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இப்போது வெள்ளிக்கிழமை முற்றம் தெளிக்கும்போது பாத்தியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது அம்மாவின் வழக்கமாகிவிட்டது. நடுவில் கத்தரியும் ஓரத்தில் சிறுகீரையும் நிற்கின்றன. கீரை பிடுங்குகிறபோது அவள் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறாள்.

மிஞ்சியிருந்த ஒரே கைமரத்தை அண்ணாச்சி கோழிக்கூட்டுக்குக் கேட்டார். கொடுத்துவிட்டேன். இரண்டாவது பாத்திக்கு மரம் வேண்டும்; பசுவந்தனைச் சாலையில் ஒரு ஓட்டு வீட்டின் மேல் மூன்று மாதமாகக் கண் வைத்திருக்கிறேன். அவர்கள் இன்னும் பிரிக்கிற மாதிரித் தெரியவில்லை.